கஞ்சாக் கூடாரத்தில் கறிவேப்பிலை: குளிர்காலத்தைக் கடத்த எந்த வழி?

போன ஒக்டோபர் நடுப்பகுதியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற ஒரு ஹைட்ரோபோனிக்ஸ் கடைக்கு, அதாவது வீட்டுக்குள், மண்ணில்லாமல்கூடச் செடி வளர்க்கிற சாமான் விற்கிற கடைக்குப் போய், வீட்டுக்குள் செடி வளர்க்கிற லைட் ஒன்று வேண்டும் என்றேன். கவுண்டரில் நின்ற தமிழ்ப் பெடியன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "நாலு செடியோ?" இல்லை தம்பி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு மிளகாய், ஒரு முருங்கை என்றேன். இப்போது நிமிர்ந்து பார்த்தான். ஒரு கண்ணைச் சிமிட்டினான். "ஓம் அங்கிள், மிளகாய்தான்."

அந்தச் சிமிட்டலுக்கு ஒரு பழங்கதை உண்டு. கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி. அதற்கு முன்பு இந்த மாதிரிக் கடைகளுக்கு வந்தவர்கள் எல்லாரும் 'தக்காளி' வளர்த்தவர்கள். கடைக்காரரும் தக்காளி என்பார், வாங்குபவரும் தக்காளி என்பார், இரண்டு பேரும் சிரிக்காமல் காசை மாற்றிக்கொள்வார்கள். 2004 ஜனவரியில் ஒன்ராறியோவின் பாரி நகரத்தில், மூடிக் கிடந்த மோல்சன் பியர் ஆலைக்குள் பொலிஸ் புகுந்து பார்த்தால், பியர் ஊறின பெரிய தாங்கிகளுக்குள்ளேயே லைட் கட்டி ஆயிரக்கணக்கில் கஞ்சாச் செடி நின்றது. சட்டம் மாறும்வரை ஒரு வீட்டு யன்னலில் விடியவிடிய ஊதா வெளிச்சம் தெரிந்தால் தெருவே சந்தேகப்படும்.

இப்போது மத்திய சட்டப்படி ஒரு வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம். ஆளுக்கு நாலு இல்லை. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நாலுதான். மாகாணங்கள் தங்கள் பங்குக்கு இறுக்கலாம். கியூபெக் வீட்டில் வளர்ப்பதை அடியோடு தடுத்தது, 2023 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்களுக்குத் தடையில்லை, ஆனால் வாடகை ஒப்பந்தமும் கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விதியும் குறுக்கே நிற்கும்.

எனக்குக் கஞ்சா வேண்டாம். ஆனால் இந்தச் சட்டக் கதை எனக்கு ஏன் முக்கியம் என்றால், வட அமெரிக்காவில் வீட்டுக்குள் செடி வளர்க்க விற்கிற சாமான் முக்கால்வாசி அந்த ஒரு செடியின் அளவுக்குத் தைத்த சட்டை. கறிவேப்பிலைக்கு அதைப் போட்டால் தொளதொளவென்று இருக்கும், காசும் அப்படியே போகும். அதனால் எதை வாங்கலாம், எதை விடலாம், ஒன்றும் வாங்காமலே சமாளிக்கலாமா என்று நான் மூன்று குளிர்காலம் பட்ட பாட்டை வைத்து எழுதுகிறேன்.

குளிரா, வெளிச்சமா?

முதல் வருடம் என் கறிவேப்பிலை செத்தது. குளிரில் செத்தது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்குள் 21 பாகையில் வைத்திருந்த செடி எப்படிக் குளிரில் சாகும்? அது பட்டினியில் செத்தது. சாப்பாடு வெளிச்சம்.

டிசம்பர் 21ஆம் திகதி ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்தில் வருடத்திலேயே மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணித்தியாலம் வரும். அதோடு இங்கே சூரியன் தெற்கில் தாழ்வாகச் சரிந்து போகும், பாதி நாள் மப்பு, மிச்சம் இரட்டைக் கண்ணாடி யன்னல் பிடித்துக்கொள்ளும். மனிதக் கண் ஏமாற்றுக்காரக் கண். சமையலறை நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று நாம் நினைப்போம். செடிக்கு அது அந்திக் கருக்கல்.

செடிக்காரர்கள் இதை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு நாள் முழுக்க விழுகிற, செடி பயன்படுத்தக்கூடிய வெளிச்சத்தை மோல் என்ற அலகில் சொல்வார்கள். ஜூலையில் வெளியே 40 மோல் வரும். டிசம்பரில் தெற்கு யன்னலோரம் 5 கிடைத்தால் பெரிய விஷயம். மிளகாய் பூத்துக் காய்க்கக் குறைந்தது 15, 20 வேண்டும். கறிவேப்பிலை வாடாமல் புதுத் துளிர் விட என் அனுபவத்தில் 8, 10 போதும். பூக்கிற கஞ்சா 30, 40 கேட்கும். கடைக்காரப் பெடியன் காட்டிய லைட்டுகள் ஏன் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு விலையாக இருந்தன என்பது இந்த மூன்று எண்ணிலேயே இருக்கிறது.

வளர்க்காமலே விடுவது

இதையும் ஒரு வழியாகச் சேர்க்க வேண்டும், காசுக் கணக்கில் இதுதான் முதலிடம். தமிழ்க் கடையில் ஒரு பொட்டலம் கறிவேப்பிலை இரண்டு டொலர் என்று வையுங்கள். கிழமைக்கு ஒன்று, ஒக்டோபரிலிருந்து மே வரை முப்பது கிழமை, அறுபது டொலர். இதற்குக் கீழே எந்த லைட்டும் எந்தக் கூடாரமும் வராது. பொட்டலம் மலிவாகக் கிடைக்கிற அன்று நாலு வாங்கி, கழுவி, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட்டு, உருவிப் பையில் போட்டு உறையவைக்கலாம். எடுத்தால் கறுத்துவிடும் என்பதால் இளகவிடாமல் நேரே எண்ணெயில் போட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்துக்கே தெறிக்கும், கவனம்.

வாசம் பாதிதான். காயவைத்த இலையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, அது கடதாசி. சட்டியில் கடுகு வெடிக்கிற நேரம் ஓடிப்போய் ஒரு கொப்பு ஒடித்துவந்து போடுகிற அந்த ஆசை இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகலாம். உண்மையாகவே சொல்கிறேன்.

யன்னலோரம்

செலவில்லாத வழி, நான் முதலில் செய்த வழி. தெற்கு யன்னல் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்; வடக்கு யன்னல் செடிக்குச் சுவர் மாதிரித்தான்.

இந்த ஊர் வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. யன்னலுக்குக் கீழேதான் சூட்டுக் காற்று வருகிற தரைத் துவாரத்தை வைத்திருப்பார்கள். செடியை நல்ல வெளிச்சமான இடத்தில் வைத்தேன் என்று நாம் நிற்க, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து வறண்ட சூடு அதன் மேல் ஊதும், இரவில் மேலே கண்ணாடி பனிக்கட்டி போலக் குளிரும். என் செடிக்கு ஜனவரியில் இலைகள் மங்கி, ஊசி குத்தினது போல வெள்ளைப் புள்ளி விழுந்தது. இலையைத் திருப்பிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நடுநரம்போடு ஒட்டி ஒரு மெல்லிய வலை, அதற்குள் மிளகாய்த்தூள் மணியிலும் சின்னதாக ஊர்கிற புள்ளிகள். செஞ்சிலந்தி. வறண்ட சூட்டில் ஒரு கிழமைக்குள் பெருகிவிடும். வெளிச்சப் பட்டினியில் ஏற்கெனவே மெலிந்திருந்த அந்த வருடச் செடியைச் செடியாகப் பார்த்தது அதோடு சரி.

துவாரத்தை ஒரு தகடு வைத்துத் திருப்பிவிட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கம் ஷவரால் கழுவினால், தெற்கு யன்னலில் கறிவேப்பிலை உயிரோடு மே மாதத்தைப் பார்க்கும். வளரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கொப்பு ஒடித்தால் அது திரும்ப வர ஏப்ரல் ஆகும். அப்படியானால் வைத்திருந்து என்ன பயன் என்று என் மனுசி கேட்டதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை.

தூங்கவைப்பது

இதற்கு லைட்டும் வேண்டாம், யன்னலும் வேண்டாம். செடியின் வளர்ச்சியையே நிறுத்திவிடுவது. முருங்கைக்கு இதைவிட நல்ல வழி நான் காணவில்லை. செப்டெம்பர் கடைசியில், இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது முருங்கை தானாகவே மஞ்சளாகி இலையைக் கொட்டும். தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, சாடியோடு பேஸ்மென்ட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, மாதத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். பார்த்தால் செத்த தடி மாதிரியே நிற்கும். எத்தனை பேர் மார்ச்சில் அதைத் தூக்கிக் குப்பையில் எறிந்திருப்பார்களோ தெரியாது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பனி தாண்டும் வரை உறைநிலைக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளிக் கராஜ் சரிவராது.

கறிவேப்பிலையையும் இப்படிச் செய்யலாம். 10, 12 பாகை உள்ள இடத்தில் அது இலை கொட்டி உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். ஆபத்து தண்ணீர். தூங்குகிற செடி குடிக்காது, நாம் பாசத்தில் ஊற்றுவோம், வேர் அழுகும். எங்கள் வீட்டில் இரண்டாவது கறிவேப்பிலை போனது அப்படித்தான். யார் ஊற்றியது என்று நான் எழுதப்போவதில்லை, அவரும் இதை வாசிப்பார். மிளகாயை இப்படி வைக்க விரும்பினால் கிளைகளை ஒட்ட வெட்டிக் குளிரான யன்னலில் வைக்கலாம், பாதிதான் தப்பும். விதை ஒரு டொலர். அந்தப் பாட்டுக்குத் திரும்ப விதைக்கலாம்.

ரியூப் லைட் தட்டு

இங்கிருந்துதான் காசு செலவழிக்கிற வழிகள். கராஜில் தொங்கவிடுகிற நாலடி எல்ஈடி லைட் எந்த வன்பொருள் கடையிலும் முப்பது, நாற்பது டொலருக்குக் கிடைக்கும். 40 வாட், வெள்ளை வெளிச்சம், பெட்டியில் 5000 கெல்வின் என்று போட்டிருக்கும். இரண்டை வாங்கி, கம்பித் தட்டு அலுமாரியின் மேல்தட்டில் சங்கிலியால் தொங்கவிட்டு, செடியின் உச்சியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தால் போதும். 'குரோ லைட்' என்று எழுதாத லைட் செடிக்கு ஆகாது என்று கடைகளில் சொல்வார்கள். செடிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வெள்ளை எல்ஈடிக்குள் நீலமும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது.

ஒரு சாண் என்றதை மறந்துவிடாதீர்கள். இந்த லைட்டுக்கு வீச்சுக் குறைவு. கூரையில் பூட்டிவிட்டுச் செடியைத் தரையில் வைத்தால் மின்சாரம் மட்டும்தான் போகும். இரண்டு லைட்டும் சேர்ந்து 80 வாட், ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரித்தால் மாதம் 34 யூனிற். வரி, விநியோகக் கட்டணம் எல்லாம் கலந்து யூனிற் 15 சதம் என்று வைத்தால் ஐந்து டொலர். ஒன்ராறியோவில் நேரக் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பின்னேரம் 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை மலிவு. ரைமரை அதற்கேற்ப வைத்தால் இன்னும் குறையும். செடிக்கு இரவு பகல் என்பது லைட் எரிகிறதா இல்லையா என்பதுதான், நம் மணிக்கூடு அதற்குத் தெரியாது.

கறிவேப்பிலைக்கு, துளசிக்கு, வல்லாரைக்கு, பொன்னாங்காணிக்கு, விதை முளைக்கவைக்க, இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மிளகாய் இதில் வளரும், பூக்கும், பிறகு பூவைக் கொட்டிவிட்டு நம்மைப் பார்க்கும். மூன்று காய்க்காகப் பிப்ரவரி முழுக்கக் காத்திருந்தேன்.

கூடாரம்

சரி, கஞ்சாக்காரரின் சாமானுக்கு வருவோம். முழுத் தொகுதி என்று அந்தக் கடையில் எனக்குக் காட்டியதில் இருந்தவை: இரண்டடிக்கு நாலடிக் கறுப்புக் கூடாரம், உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கிற உறை, மேலே 240 வாட் எல்ஈடிப் பலகை, காற்றை இழுக்கிற குழாய் ஃபான், அதோடு ஒரு உருளைக் கரி வடிகட்டி, ரைமர், கயிறு, கிளிப். வரியோடு எழுநூறு டொலருக்குக் கிட்ட.

ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று கேட்டால்தான் எதை விடலாம் என்று தெரியும். கூடாரத்தின் ஸிப் (இழுத்து மூடுகிற பல்வரிசை) ஒரு ஊசி முனை வெளிச்சம்கூட உள்ளே வராமல் தைக்கப்பட்டிருக்கும். கஞ்சா குறும்பகல் செடி. அதைப் பூக்கவைக்க ஒரு நாளில் 12 மணித்தியாலம் கும்மிருட்டு வேண்டும், இடையில் வெளிச்சம் புகுந்தால் குழம்பிவிடும். மிளகாய்க்கு அந்தக் கவலை இல்லை, பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும். கறிவேப்பிலையை நாம் பூக்கவே விடப்போவதில்லை. ஆகவே இருட்டுக்காகக் கொடுக்கிற காசு நமக்கு வீண். கரி வடிகட்டி வாசத்தைப் பிடிக்க. கறிவேப்பிலை வாசத்தைப் பிடித்து வைக்க யாராவது இருநூறு டொலர் கொடுப்பார்களா? 240 வாட் பலகை 40 மோல் கேட்கிற செடிக்கு. மிளகாய்க்கு அதில் பாதி.

மிஞ்சுவது எது? பளபளக்கிற உறை. அது பெரிய விஷயம். அறையில் திறந்தபடி தொங்குகிற லைட்டின் வெளிச்சம் பாதி சுவருக்கும் தரைக்கும் போகும். கூடாரத்துக்குள் அது திரும்பத் திரும்பச் செடிக்கே வரும். அடுத்தது ஈரப்பதம். ஜனவரியில் வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு வரும், கூடாரத்துக்குள் செடிகளின் மூச்சிலேயே 50 தாண்டும். செஞ்சிலந்திக்கு அது பிடிக்காது. பூஞ்சணத்துக்குப் பிடிக்கும், ஆகையால் சின்ன ஃபான் ஒன்று எப்போதும் ஓட வேண்டும், மேல் வாயைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும்.

இப்படிக் கழித்துப் பார்த்தால் நமக்கு வேண்டியது இரண்டடிக்கு இரண்டடிக் கூடாரம், 100 வாட் எல்ஈடிப் பலகை, பதினைந்து டொலர்க் கிளிப் ஃபான், ரைமர். பலகையை 60 வாட்டுக்குக் குறைத்து 16 மணித்தியாலம் எரித்தாலே 17, 18 மோல் கிடைக்கும், மாதம் நாலரை டொலர் கறண்ட். லைட் வாங்கும்போது பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். அது பழைய லைட் எதற்கோ சமம் என்று சொல்கிற கற்பனை எண். சுவர்ச் செருகியிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது, ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் (மோலின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வெளிச்சம் தருகிறது என்று பாருங்கள். இரண்டரைக்கு மேல் என்றால் நல்ல பலகை. கனடாவில் விற்க அனுமதியுள்ள பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்பதும் முக்கியம். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பெட்டி இது, பேஸ்மென்ட்டில் நெருப்புப் பிடித்தால் காப்புறுதிக்காரர் முதலில் அதைத்தான் தேடுவார். மின்கம்பி சுவர்ச் செருகிக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். கம்பி வழியே வடிகிற தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

எல்ஈடி இல்லாமல் பழைய சோடியம் லைட்டையும் சிலர் மலிவாகத் தருவார்கள், சில வேளை சும்மாவே தருவார்கள். 600 வாட் சோடியம், அதை எரியவைக்கிற பலாஸ்ட் பெட்டியோடு சேர்த்து 650 இழுக்கும். 16 மணித்தியாலம் எரித்தால் மாதம் 312 யூனிற், 47 டொலர். குளிர்காலத்தில் அந்தச் சூடு வீட்டுக்குத்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். வாதம் பிழையில்லை, ஆனால் காஸ் சூடு அதைவிட மலிவு. சும்மா கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கூடாரத்தை நான் புதிதாக வாங்கவில்லை. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருவர் கோவிட் முடக்க காலத்தில் நாலு செடி வளர்க்கத் தொடங்கினவர். ஒரு அறுவடையோடு களைத்துவிட்டார். வெட்டிக் காயவைப்பதற்குள் இரண்டு கிழமை வீடு முழுக்க நாற்றம், அதற்குள் அனுமதி பெற்ற கடைகளில் விலையும் இறங்கிவிட்டது. தானே வளர்ப்பதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்றார். இப்படித் தொடங்கிக் கைவிட்டவர்கள் நிறையப் பேர், அதனால் இரண்டாங்கைச் சாமான் இந்த ஊரில் கொட்டிக் கிடக்கிறது. கூடாரம், 150 வாட் பலகை, ஃபான் எல்லாம் சேர்த்து எனக்கு 140 டொலர்.

தூக்கிக்கொண்டு வந்து பேஸ்மென்ட்டில் விரித்தேன். மனுசி படியிலேயே நின்றுவிட்டார். "என்னப்பா இது மணக்குது? அம்மா வந்தா என்ன சொல்லப்போறியள்?" உண்மைதான், துணிக்குள் வாசம் ஊறியிருந்தது. பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தரம், வினாகிரித் தண்ணீரால் ஒரு தரம் துடைத்து, பின்வளவில் இரண்டு நாள் காற்றாட விட்டேன். வாசத்துக்காக மட்டும் இல்லை. செஞ்சிலந்திக்குக் கஞ்சாவும் ஒன்றுதான், மிளகாயும் ஒன்றுதான். தையல் மடிப்புக்குள் ஒளிந்திருந்தால் புது வீட்டுக்குக் குடிபுகுந்த மாதிரி வந்துவிடும். இரண்டாங்கை வாங்குபவர்கள் இந்த வேலையைத் தவிர்க்க வேண்டாம்.

தண்ணீரில் வளர்ப்பது

கடைப் பெடியன் மண்ணே வேண்டாம், தண்ணீரில் போடுங்கள் என்றும் சொன்னான். சலாது இலை, கொத்தமல்லி, வல்லாரைக்கு அது அருமை. ஹவாயில் கிராற்கி என்கிற ஆய்வாளர் பிரபலப்படுத்திய முறையில் மோட்டர்கூட வேண்டாம். பசளை கலந்த தண்ணீர் நிறைந்த ஒரு வாளி, மூடியில் ஓட்டை, அதில் செடி, தண்ணீர் குறையக் குறைய வேருக்குக் காற்று. மிளகாயும் வரும். கறிவேப்பிலை பல வருடம் வாழ்கிற மரம், ஈரக் காலை வெறுக்கிற மரம், மே மாதம் வெளியே மண்ணுக்குத் திரும்பப் போக வேண்டிய மரம். அதை வாளிக்குள் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிழமைக்கொருமுறை தண்ணீரின் புளிப்பை அளந்து திருத்துகிற பொறுமையும் எனக்கு இல்லை.

புளிப்பு என்றதும் நினைவு வருகிறது. ஊரில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவார்கள். இங்கே குழாய்த் தண்ணீர் புளிப்புக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் காரத்தன்மை கொண்டது, மாதக்கணக்கில் ஊற்ற மண்ணும் அப்படி ஆகி, செடி இரும்பை உறிஞ்ச முடியாமல் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாக இலை வரும். மோர் அதைத் திருத்த உதவும், வெளியில். மூடின கூடாரத்துக்குள் மோர் ஊற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மூன்றாம் நாள் கொசுவைப் போலச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் மண்ணிலிருந்து எழும்பத் தொடங்கின. மஞ்சள் ஒட்டுத் தாளை நட்டு, மேல்மண் ஒரு அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்தி, மூன்று கிழமைக்குப் பிறகுதான் அடங்கின. இப்போது கடையில் விற்கிற இரும்புச் சத்துத் தூளைக் கரைத்து ஊற்றுகிறேன். மோரை நானே குடிக்கிறேன்.

யாருக்கு எது

கொண்டோவில் இருப்பவர், ஒரே ஒரு கறிவேப்பிலை, தெற்கு யன்னல் உண்டு என்றால், யன்னலையே வைத்துக்கொண்டு ஒரு 20 வாட் வெள்ளை எல்ஈடியைச் செடிக்கு மேல் பொருத்திப் பின்னேரம் ஆறு மணித்தியாலம் எரியவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் போதும். ஊதா லைட் வேண்டாம். கண் வலிக்கும், இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது, எதிர்க் கட்டடத்தில் இருப்பவர்கள் வேறு கதை கட்டுவார்கள்.

பேஸ்மென்ட் உள்ள வீடு, இலை வகைகள்தான் வேண்டும் என்றால் ரியூப் லைட் தட்டு. மொத்தம் நூறு டொலருக்குள் முடியும், பழுதானால் அடுத்த நாள் மாற்றலாம். சாடியை வெறும் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். மேலே எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் வேர் குளிரில் விறைத்தால் செடி குடிக்காது. ஒரு மரப்பலகை அல்லது நுரைப் பலகைத் துண்டு போதும்.

மிளகாய் காய்க்க வேண்டும் என்றால் மட்டும் கூடாரம், அதுவும் இரண்டாங்கை, அதுவும் வடிகட்டி இல்லாமல். தேனீயும் காற்றும் இல்லாத இடம் என்பதால் பூத்த கிளையைத் தினமும் விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும், மகரந்தம் தானாக விழுந்து பிடிக்கும். எங்கள் வீட்டில் பழைய மின்சாரப் பல் துலக்கியைப் பூக்காம்பில் பிடிக்கிறோம். வீட்டுக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே போனார்.

முருங்கைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். தூங்கட்டும்.

வருடத்தில் இரண்டு வாரம் மட்டும்தான் உண்மையில் நெருக்கடி: செப்டெம்பர் கடைசி வாரம் உள்ளே கொண்டுவருவதும், மே மாதம் விக்ரோறியா தின நீள்விடுமுறைக்குப் பிறகு வெளியே வைப்பதும். இரண்டிலும் அவசரப்பட்டால் மேலே சொன்ன எந்த வழியும் காப்பாற்றாது. உள்ளே வரும் முன் இலையின் அடிப்பக்கமெல்லாம் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், பூச்சியோடு குடிவரக்கூடாது. வெளியே போகும்போது முதல் நாலு நாள் நிழலில், பிறகு அரை வெயிலில், பிறகுதான் முழு வெயிலில். எட்டு மாதத்துக்குக் கிட்ட லைட்டுக்குக் கீழே இருந்த இலை நேர் வெயிலில் ஒரே பகலில் வெளிறிக் கருகிவிடும்.

இந்த மார்ச்சில் கூடாரத்துக்குள் இருந்து முப்பத்தேழு பச்சை மிளகாய் எடுத்தேன். மாமியார் வந்த அன்று ஸிப்பைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துவிட்டு, இரண்டு கறிவேப்பிலைக் கொப்பு ஒடித்து, ஒரு மிளகாயும் பறித்து, ஒன்றும் சொல்லாமல் மேலே சமையலறைக்குப் போனார். லைட் கடைப் பெடியனுக்கும் ஒரு பை மிளகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையைத் திறந்து முகர்ந்து பார்த்தான். "அங்கிள், உண்மையாவே மிளகாய்!"